படிகத்தின் மேல் முளைக்கும் குட்டித் தீவுகள்... யார் இந்த இவான் ஸ்ட்ரான்ஸ்கி?

ஃபைபர் ஆப்டிக் இணைய வசதிக்கான புதுவகை லேசர்களுக்குள் குட்டித் தீவுகள் இருக்குன்னு சொன்னா நம்புவீங்களா? ஒரு தலைமுடியின் அகலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளை வரிசையாக வைக்கலாம். அவ்வளவு சின்னது! இவை உருவாகும் முறைக்கு ஒரு பல்கேரியரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நோயோடு தொடங்கிய வாழ்க்கை

இவான் ஸ்ட்ரான்ஸ்கி 1897-ல் சோஃபியா நகரில் பிறந்தவர். அப்பா அரண்மனை மருந்தாளுநர். சிறுவயதிலேயே எலும்புக் காசநோய் வந்தது. அன்றைக்கு அதற்குச் சரியான மருந்து கிடையாது. மருத்துவம் படிக்க வியன்னா போனவர், அதை விட்டுவிட்டு வேதியியலுக்கு மாறினார். 1925-ல் பெர்லினில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, சோஃபியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

படிகம் எப்படி வளருது?

இதுதான் அவரைத் துரத்திய கேள்வி. பாதியில் நிற்கும் செங்கல் வரிசையை நினைச்சுக்கோங்க. அடுத்த கல்லை அந்த வரிசை முடிந்த மூலையில்தானே வைப்போம்? அணுக்களும் அப்படித்தான் அந்த மூலையில் ஒட்டுகின்றன என்று 1920-களின் இறுதியில் கணக்கிட்டுக் காட்டினார். ஜெர்மனியில் வால்தர் கோசலும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்.

தீவுகள் பிறந்த கதை

ஒரு படிகத்தின் மேல் வேறொரு படிகம் வளர்ந்தால் என்ன ஆகும்? 1938-ல் லுபோமிர் க்ராஸ்தனோவ் உடன் சேர்ந்து இதை ஆராய்ந்தார். உப்பு போன்ற அயனிப் படிகங்களுக்கான கணக்கு அது. முதலில் தட்டையான படலம், அதன் மேல் தனித்தனித் தீவுகள் என்பதே முடிவு. 1958-ல் எர்ன்ஸ்ட் பாயர் இதற்கு 'ஸ்ட்ரான்ஸ்கி-க்ராஸ்தனோவ் வளர்ச்சி' எனப் பெயர் வைத்தார்.

செமிகண்டக்டரில் இதற்குக் காரணம் இறுக்கம். ஜெர்மானியம் படிகத்தில் அணு இடைவெளி சிலிக்கானைவிட சுமார் 4% அதிகம். அறையைவிடப் பெரிய பாயை விரிச்சா அங்கங்கே உப்பிக்கிட்டு நிற்கும் இல்லையா? அதேபோல, முதல் சில அடுக்குகள் அடங்கி உட்காரும். அப்புறம் இறுக்கம் தாங்காமல் மேடுகளாக எழும்பும்.

சொந்த மண்ணில் இடமில்லை

1941-ல் கோசலின் அழைப்பில் பிரெஸ்லாவ் நகருக்குப் போனார் ஸ்ட்ரான்ஸ்கி. போர் நெருங்கவே பெர்லினுக்கு இடம்பெயர்ந்தார். 1944-ல் பல்கேரியாவில் ஆட்சி மாறியதும், பாசிச ஆதரவாளர் என்ற முத்திரையோடு அவருடைய பல்கலைக்கழகப் பதவி பறிக்கப்பட்டது. ஆனால் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவரை ரெக்டராகவே ஆக்கியது. சோஃபியாவில் அவருடைய மாணவர் ரோஸ்டிஸ்லாவ் கைஷெவ் படிக ஆய்வைத் தொடர்ந்தார். 1960-களில்தான் தாய்நாட்டின் அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது, அதுவும் 'வெளிநாட்டு' உறுப்பினராக! 1979-ல் பிறந்த ஊரான சோஃபியாவிலேயே காலமானார்.

அவர் பார்க்காத வெற்றி

6 ஆண்டுகள் கழித்து, 1985-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் காலியம் ஆர்சனைடு மேல் இண்டியம் ஆர்சனைடு தீவுகளைக் கண்டார்கள். அடுக்கடுக்காக வளர்த்தபோது, கீழே புதைந்த தீவுக்கு நேர் மேலேயே அடுத்த தீவு முளைத்தது. அடியில் இருக்கும் இறுக்கம் மேலே வரை வழிகாட்டுவதே காரணம்.

இவைதான் ஒருவகை 'குவாண்டம் புள்ளிகள்'. டிவி திரையில் இருப்பவை வேறு. அவை கரைசலில் தயாராகின்றன. படிகத்தின் மேல் முளைப்பவை லேசர்களில் ஒளி தருகின்றன. உப்புப் படிகத்துக்காகப் பேப்பரில் போட்ட கணக்கு, 47 ஆண்டுகள் கழித்து இப்படித்தான் செமிகண்டக்டருக்கு வந்து சேர்ந்தது.