சங்கும் சக்கரமும் எண்ணிய பேராசிரியை: கிறிஸ்டீன் பொன்னெவி (1872 - 1948)

எங்கள் ஊரில் குழந்தை பிறந்ததும் பெரியவர்கள் விரல்நுனிகளைப் பிரித்துப் பார்த்து, சங்கு எத்தனை, சக்கரம் எத்தனை என்று எண்ணுவார்கள். சக்கரம் கூடினால் யோகம். வைத்தீஸ்வரன் கோயில் பக்கம் போனால், கட்டைவிரல் ரேகையைக் கொடுத்து ஓலையில் இருப்பதாகச் சொல்லப்படும் நம் கதையைக் கேட்டு வரலாம். அந்த ரேகை விரலில் எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வேலைக்காக ஆஸ்லோ வந்திறங்கி, குடியுரிமைப் பதிவுக்காகக் கண்ணாடித் தட்டில் விரல்களை வைத்து அழுத்தியபோது எனக்கும் அது தோன்றவில்லை. பிளிண்டர்னிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில் உயிரியல் கட்டிடம் ஒன்றுக்குக் கிறிஸ்டீன் பொன்னெவியின் பெயர் வைத்திருப்பதைப் பார்த்து, யார் இவர் என்று தேடப்போனபோதுதான் தெரிந்தது: நூறு வருடங்களுக்கு முன் இதே நகரில் ஒரு பெண்மணி இதே சங்கையும் சக்கரத்தையும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

பொன்னெவி 1872 அக்டோபர் 8ஆம் நாள் டிராண்ட்ஹெய்மில் பிறந்தார். தந்தை அரசியல்வாதி, கல்வி அமைச்சராகவும் இருந்தவர். 1886ல் குடும்பம் தலைநகருக்குக் குடிபெயர்ந்தது. (அப்போது நகரின் பெயர் கிறிஸ்டியானியா, 1925 முதல்தான் ஆஸ்லோ.) நார்வேப் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு 1880களில்தான் திறந்தது. 1892ல் மருத்துவம் படிக்கச் சேர்ந்தவர், வழியில் விலங்கியலுக்கு மாறிவிட்டார். சகோதரி ஹொனோரியாவை மணந்தவர் நவீன வானிலை இயலின் முன்னோடியான வில்ஹெல்ம் பியெர்க்னெஸ். ஒரே வீட்டில் ஒருவருக்கு மேகமும் மற்றவருக்குக் கருவும் கிடைத்தன.

1900ல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்குக்குப் போனதுதான் அவர் வாழ்வின் திருப்பம். அங்கே தியோடர் பொவேரி, கடல்முள்ளெலியின் முட்டைகளை வைத்துக்கொண்டு, உயிரின் செய்தி குரோமோசோம்களில் இருக்கிறது என்று நிறுவிக்கொண்டிருந்தார். அதே நிறுவனத்தில் பொவேரியின் மாணவராக இருந்து ஆசிரியராகிவிட்ட ஹான்ஸ் ஸ்பீமான், தவளைக்கு உறவான நியூட் என்ற சிறு பிராணியின் கருவைக் குழந்தையின் தலைமுடியால் சுருக்குப் போட்டு இறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியான இடத்தில் இறுக்கினால் இரண்டு தலையுள்ள குஞ்சு வரும். ஒருவர் கேட்டது, செய்தி எங்கே எழுதியிருக்கிறது என்று. மற்றவர் கேட்டது, ஒரே மாதிரியான செல்களில் எது தலையாக வேண்டும், எது வயிறாக வேண்டும் என்று யார் சொல்கிறார்கள் என்று. இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் பொன்னெவியின் மிச்ச வாழ்க்கை கழிந்தது என்பது என் வாசிப்பு.

முதலில் அவர் பொவேரியின் வழியில்தான் நடந்தார். கடல்வெள்ளரியின் உடலுக்குள் ஒட்டுண்ணியாக வாழும் ஒரு நத்தையின் இனச்செல்களை ஆராய்ந்து 1906ல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு நியூயார்க்கில் எட்மண்ட் வில்சனிடம் குரோமோசோம் ஆய்வு. 1911ல் நார்வே அறிவியல் கழகத்தில் முதல் பெண் உறுப்பினர். அவரைப் பேராசிரியராக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பேராசிரியர் என்பது அரசுப் பதவி, பெண்ணுக்குக் கிடையாது. சட்டத்தைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. அந்த மாற்றத்தை அவர் பெயராலேயே லெக்ஸ் பொன்னெவி என்று குறிப்பிடுவதுண்டு. 1912ல் அவர் நார்வேயின் முதல் பெண் பேராசிரியரானார்.

1916ல் பாரம்பரிய ஆய்வுக்கென்று தனி நிறுவனம் அமைந்தது. மலைப் பள்ளத்தாக்குகளில் தலைமுறை தலைமுறையாக ஆறு விரலோடு பிறக்கும் குடும்பங்களைப் பதிவு செய்தார். மாணவிகள் தங்க விடுதி ஏற்படுத்தினார். நகரசபையில் உட்கார்ந்தார். 1922ல் உலக நாடுகள் சங்கம் அமைத்த அறிவுத்துறை ஒத்துழைப்புக் குழுவில் ஐன்ஸ்டைன், மேரி கியூரி ஆகியோருடன் அவரும் உறுப்பினர். நம் ஜகதீஷ் சந்திர போஸும் பின்னர் அதே குழுவில் இடம்பெற்றார். இதையெல்லாம் செய்துகொண்டே ஒருவர் நுண்ணோக்கியிலும் கண் வைத்திருந்தார் என்பதை நம்புவது எனக்குச் சற்றுக் கடினமாகத்தான் இருக்கிறது.

இனி விரல்ரேகைக்கு வருவோம். கால்ட்டனும் கல்கத்தாப் போலீசும் ரேகையை ஆள் அடையாளத்துக்குப் பயன்படுத்திவிட்டார்கள். பொன்னெவிக்குக் குற்றவாளி யார் என்பதில் அக்கறை இல்லை. ரேகை பெற்றோரிடமிருந்து வருகிறதா, வருகிறதென்றால் எது வருகிறது என்பதே அவர் கேள்வி. ஒட்டிப் பிறந்தாற்போல் ஒத்திருக்கும் இரட்டையரின் வரிகளை எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை நெருங்கி வருகிறது. ஆனால் வரிகள் அச்சாக ஒன்றாக இல்லை. ஆக, சங்கும் சக்கரமும் அப்படியே எழுதி அனுப்பப்படுவதில்லை. வேறெதுவோ அனுப்பப்படுகிறது, அதிலிருந்து ரேகை உருவாகிறது. அதைத் தேடி அவர் கருவின் விரல்களுக்குப் போனார். மூன்றாம் மாதக் கருவின் விரல்நுனியில் சிறு மேடு ஒன்று எழும்பி, பிறகு தணிகிறது. மேடு உயர்ந்திருக்கும்போது வரிகள் படிந்தால் சக்கரம். ஒருபக்கம் சாய்ந்திருந்தால் சங்கு. தணிந்துவிட்டால் வெறும் வில். தோலின் தடிமனும் நரம்புகளும் இதில் சேருகின்றன என்று கருதினார். இந்த ஆய்வு வெளியானது 1924ல்.

அதே 1924ல்தான் ஸ்பீமானும் அவர் மாணவி ஹில்டே மங்கோல்டும் தங்கள் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார்கள். ஒரு நியூட் கருவின் முதுகுப்புறத்திலிருந்து கடுகளவும் இல்லாத ஒரு துணுக்கை எடுத்து இன்னொரு கருவின் வயிற்றில் பதித்தார்கள். அந்த இடத்தில் தண்டுவடத்தோடு இரண்டாவது உடல் ஒன்று எழும்பியது. அதில் பெரும்பகுதி, பதித்த துணுக்கிலிருந்து வந்ததல்ல; வயிறாகவேண்டிய அக்கம்பக்கத்துச் செல்களே துணுக்கின் பேச்சைக் கேட்டு முதுகாகியிருந்தன. மங்கோல்ட் அந்த ஆண்டே, இருபத்தாறு நிறையுமுன், அடுப்பு விபத்தில் இறந்துபோனார். ஸ்பீமானுக்கு 1935ல் நோபல் கிடைத்தது. அந்தப் பேச்சு என்ன மொழி என்று தெரிய இன்னும் அறுபது, எழுபது ஆண்டுகள் ஆயின.

பொன்னெவியின் அடுத்த வேலை எலிகளில். அமெரிக்காவில் எக்ஸ் கதிர் பாய்ச்சப்பட்ட எலிகளின் வம்சத்தில், கண்ணும் பாதமும் கோணலான குட்டிகள் பிறந்துகொண்டிருந்தன. ஒரே மரபணுப் பழுது எப்படிக் கண்ணையும் பாதத்தையும் ஒன்றாகக் கெடுக்கும்? மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்த அவஸ்தை பழக்கமானது. பிழை மூன்று திரையில் தெரியும், மூலம் வேறெங்கோ இருக்கும். பொன்னெவி நாங்கள் செய்வதையே செய்தார்: பின்னோக்கிப் போனார். பிறந்த குட்டி, அதற்கு முந்தைய நாள் கரு, அதற்கும் முந்தையது என்று ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்து, முதல் கோளாறு தோலடியில் தேங்கும் நீர்க்கொப்புளம் என்று கண்டார். 1934ல் அவர் எழுதியது: பின்மூளைப் பக்கமிருந்து கசியும் நீர் தோலுக்கடியில் ஓடி, கண்ணிலும் காலிலும் நின்று அழுத்துகிறது.

பாதி சரி, பாதி தவறு. கொப்புளம் உண்மை, மூளையிலிருந்து ஓடி வருவது உண்மையில்லை. 2005ல் அந்த எலிகளின் பழுது ஃப்ரெம்2 என்ற மரபணுவில் என்று தெரிந்தது. தோலை அடித்திசுவோடு ஒட்டவைக்கும் புரதம் அது. ஒட்டாத இடத்தில் கொப்புளம் எழும்புகிறது. இமை மூடியபடியும் விரல்கள் ஒட்டியபடியும் குழந்தைகள் பிறக்கும் ஃப்ரேசர் நோய்க்கும் அதே மரபணு ஒரு காரணம்.

1937ல் ஓய்வு பெற்றும் அவர் ஆய்வை விடவில்லை. அந்த ஆண்டுதான் அவர் மாணவர் தோர் ஹெயர்டால் விலங்கியல் ஆய்வுக்கென்று பசிபிக் தீவுக்குப் போனார். பத்தாண்டு கழித்துக் கோன்-டிக்கி கட்டுமரத்தில் உலகப்புகழ் பெற்றவர் அவரேதான். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது எழுபதை நெருங்கிய பொன்னெவி எதிர்ப்பியக்கத்தாருக்கு உதவினார். 1948 ஆகஸ்ட் 30ல் ஆஸ்லோவில் காலமானார்.

துணுக்கு பேசிய மொழி வேதியியல்தான். ஆப்பிரிக்க நகத்தவளையின் கருவில் 1992ல் நாகின், 1994ல் கார்டின் என்ற புரதங்கள் பிடிபட்டன. தவளைக் கருவில் பி.எம்.பி. என்ற புரதம் செல்களைத் தோலாகவும் வயிறாகவும் ஆகச் சொல்கிறது. முதுகுத் துணுக்கிலிருந்து வரும் நாகினும் கார்டினும் அதைப் பிடித்து வாயடைக்கின்றன. பேச்சு கேட்காத இடத்தில் மூளையும் தண்டுவடமும் உருவாகின்றன. கட்டளையைவிடக் கட்டளையைத் தடுப்பதே தலையைச் செய்கிறது.

2023ல் எடின்பரோ ஆய்வாளர்கள் விரல்ரேகையின் வரிகளைத் தூண்டுவது விண்ட் என்ற சமிக்ஞை, அடக்குவது அதே பி.எம்.பி. என்று காட்டினார்கள். இப்படித் தூண்டுவதும் அடக்குவதும் மோதினால் கோடுகள் தாமே எழும் என்று ஆலன் டூரிங் 1952ல் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். விரலில் வரிகள் மூன்று இடங்களிலிருந்து அலைபோலப் புறப்படுகின்றன: நகத்தருகே, மூட்டு மடிப்பருகே, நடுவே பொன்னெவி பார்த்த அந்த மேட்டில். அலைகள் சந்திக்கும் விதத்தில் சங்கோ சக்கரமோ அமைகிறது.