குவாஷியோர்கர் நோயை உலகுக்கு அறிவித்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ்

தாய் மீண்டும் கருவுற்றதும் தாய்ப்பாலை இழந்து நலிந்துபோகும் மூத்த குழந்தையைச் 'சவலை' என்று நம் முன்னோர் அழைத்தனர். மேற்கு ஆப்பிரிக்காவில் கா மொழி பேசும் மக்களிடமும் இதனையொத்த சொல் ஒன்று உண்டு: குவாஷியோர்கர். அச்சொல்லை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ்.

1893-ஆம் ஆண்டு ஜமைக்காவில் பிறந்த இவர், ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று 1923-இல் மருத்துவரானார். 1929-இல், அந்நாளில் கோல்டு கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவில் பணியேற்றார். அங்கு ஒன்று முதல் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் கைகால் வீங்கி, தோல் உரிந்து இறப்பதைக் கண்டார். தாய்மார்களிடம் பொறுமையாகக் கேட்டறிந்தார். தாய்ப்பால் நின்றபின் அக்குழந்தைகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மக்காச்சோள உணவு மட்டுமே என்பது புலப்பட்டது. 1933-இல் இதனை எழுதி வெளியிட்டார். இது பெல்லாக்ரா என்னும் வேறு நோய் எனச் சிலர் மறுத்தனர். அவர் பின்வாங்கவில்லை. 1935-இல், தாய்மார்கள் வழங்கிய பெயரையே நோய்க்குச் சூட்டி மீண்டும் எழுதினார்.

பின்னர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். 1939-இல் சிங்கப்பூரில், தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்புக் கட்டிப்பாலை விற்பனை செய்வதைக் கடுமையாகக் கண்டித்து உரையாற்றினார். போர்க்காலத்தில் ஜப்பானியரின் சிறைவாசத்தைத் தாங்கி மீண்டார். 1948-இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். 1992-இல் மறைந்தார்.

அவர் கண்டவற்றை நீங்களும் உங்கள் இல்லத்தில் கவனிக்க இயலும். வீக்கமுள்ள குழந்தை கொழுகொழுவென்று தோன்றலாம். உடலில் நீர் கோத்திருப்பதால் எடைக்குறைவும் மறைந்துவிடலாம். ஆகவே, குழந்தையின் இரு பாதங்களையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் குழி விழுந்தாலோ, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேல்கை நடுப்பகுதிச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தாலோ, அன்றே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஆறு மாதம் நிறைந்தபின் தாய்ப்பாலுடன் இணை உணவும் தேவை. கஞ்சி மட்டும் போதாது. பருப்பு, முட்டை, கீரை, சிறிது எண்ணெய் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டு வயது வரையும் அதற்குப் பின்னரும் தாய்ப்பால் தொடரலாம். இடையில் கருவுற்றால் உடனே பாலை நிறுத்திவிடாமல் மருத்துவரைக் கலந்து முடிவு செய்யுங்கள். மாதந்தோறும் அங்கன்வாடியில் எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் கோடு உயர்கிறதா எனக் கேட்டறியுங்கள்.