சாய்ந்து ஓடிய சக்கரம்



சென்னையில் பழைய கார்களின் அணிவகுப்பு நடக்கும்போது போய்ப் பார்த்திருக்கிறீர்களா? தாத்தா காலத்து ஆஸ்டின், மோரிஸ், செவ்ரோலே கார்கள் எல்லாம் பளபளவென்று துடைக்கப்பட்டு வரிசையாக வரும். வேடிக்கை பார்ப்பவர்கள் ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், நின்ற கார்கள் அழகாக விழுந்திருக்கும். ஓடிய கார்கள் மட்டும் கலங்கலாக இருக்கும். உடனே அழித்துவிடுவீர்கள், இல்லையா?

கொஞ்சம் பொறுங்கள். 'கெட்டுப்போன' ஒரே ஒரு கார் படத்தால் உலகப் புகழ் பெற்ற ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் பெயர் ழாக் ஆன்ரி லார்த்திக். வாயில் நுழையவில்லையா? லார்த்திக் என்றே சொல்லுங்கள், போதும். 1894-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் தேதி, பிரான்ஸ் நாட்டில் பாரிஸ் நகருக்கு அருகே உள்ள கூர்பவ்வா என்ற ஊரில் பிறந்தார். வசதியான குடும்பம். ஆனால் பையன் நோஞ்சான். அடிக்கடி உடம்பு படுத்தும்.

சிறுவன் லார்த்திக்குக்கு ஒரு வினோதமான கவலை இருந்தது. பார்க்கிற நல்ல காட்சிகள் எல்லாம் அடுத்த நொடியே போய்விடுகின்றனவே, அவற்றை எப்படிப் பிடித்து வைப்பது என்பதுதான் அது. அதற்கு அவனே ஒரு வித்தை கண்டுபிடித்தான். கண்ணை அகலத் திறந்து, பாதி மூடி, சுற்றினால் காட்சி கண்ணுக்குள் மாட்டிக்கொள்ளும் என்று நம்பினான். எலிப்பொறி போல இது கண்பொறி! சில நாள்களில் அந்த வித்தை பலிக்காமல் போயிற்று. பையன் மனம் ஒடிந்து போனான்.

அப்பாவுக்குப் புகைப்படம் எடுப்பதில் ஆர்வம் உண்டு. 1902-ல் மகனுக்கென்று தனியாக ஒரு கேமராவைக் கொடுத்தார். பெரிய மரப்பெட்டி அது. முக்காலியில் நிறுத்த வேண்டும். உள்ளே கண்ணாடித் தட்டைச் செருகி ஒரு படம் எடுத்தால், அடுத்த படத்துக்கு வேறு தட்டு மாற்ற வேண்டும். நம்மைப் போல ஒரே நேரத்தில் நாற்பது படம் தட்ட முடியாது.

எதைப் படம் எடுத்தான்? தன் வீட்டில் நடந்ததைத்தான்! அண்ணன் மொரீஸுக்கு வீட்டில் வைத்த செல்லப் பெயர் ஜிஸ்ஸு. அவன் சும்மா இருக்கவே மாட்டான். எஞ்சின் இல்லாத சக்கர வண்டி செய்து சரிவில் உருட்டிவிடுவான். இறக்கை கட்டிப் பறக்கப் பார்ப்பான். தம்பி அத்தனையையும் படம் எடுத்தான். 1905-ல் உறவுக்காரப் பெண் ஒருத்தி படிக்கட்டிலிருந்து துள்ளிக் குதித்தாள். அவள் கால் தரையைத் தொடுவதற்குள் லார்த்திக் எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது. அப்போது அவனுக்கு 11 வயதுகூட முழுதாக ஆகியிருக்காது. அதே ஆண்டில், தன் பொம்மைக் கார்களை அறையில் பரப்பி, கேமராவைத் தரையிலேயே வைத்து ஒரு படம் எடுத்தான். நிஜக் கார் எதிரே வருவது போல இருக்கும்.

கார் என்பதே அப்போது அதிசயம்தான். நம் ஊரிலும் அதே கதைதான். 1901-ல் பாரி கம்பெனி இயக்குநர் யார்க் என்பவர், அடையாறு பென்ஸ் கார்டனிலிருந்து பாரிமுனைக்கு அன்றாடம் காரில் போய்வந்தார். 1903-ல் சிம்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்தார். கணித மேதை ராமானுஜனுக்கு உதவினாரே, சென்னைத் துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அவருடைய கார்தான் 'எம்.சி. 1' என்று பதிவான கார்.

லார்த்திக்குக்குக் கார்ப் பந்தயம் என்றால் உயிர். அன்றைய பந்தயங்கள் ஊர்ச் சாலைகளிலேயே நடந்தன. ஒவ்வொரு காரிலும் இரண்டு பேர்: ஒருவர் ஓட்டுநர், பக்கத்தில் ஒரு மெக்கானிக். அப்படிப்பட்ட பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயம் ஒன்றில், சாலையோரம் நின்றுகொண்டிருந்தார் லார்த்திக். 6 என்ற எண் எழுதிய கார் சீறிக்கொண்டு வந்தது. கேமராவைக் காரோடு சேர்த்துத் திருப்பியபடியே விசையை அழுத்தினார்.

படத்தைக் கழுவிப் பார்த்தால் எல்லாமே கோணல்! காரின் முன்பகுதி படத்திலேயே இல்லை. வட்டமான சக்கரம் முட்டை போல நீண்டு முன்பக்கம் சாய்ந்திருந்தது. சாலையோரம் நின்ற மனிதர்களும் கம்பங்களும் பின்பக்கம் சாய்ந்திருந்தார்கள். படம் கெட்டுவிட்டது என்று ஒதுக்கி வைத்துவிட்டார்.

ஏன் அப்படி விழுந்தது தெரியுமா? அந்தக் கேமராவுக்குள் ஒரு திரை உண்டு. திரையில் குறுக்காக ஒரு சிறு பிளவு. அந்தப் பிளவு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகரும்போதுதான் தட்டின் மேல் வெளிச்சம் விழும். ஆகவே படம் முழுவதும் ஒரே நொடியில் பதிவாகாது. சக்கரத்தின் அடிப்பகுதி முதலில் பதிந்தது. மேல்பகுதி பதிவதற்குள் கார் கொஞ்சம் முன்னே போய்விட்டது. அதனால் சக்கரம் முன்னால் சாய்ந்தது. லார்த்திக் கேமராவைத் திருப்பினார் அல்லவா? அந்த வேகம் காரின் வேகத்தைவிடக் குறைவு. ஆனால் மனிதர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அதனால் அவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள்.

இதை நீங்களும் சோதிக்கலாம். மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூருக்குப் பறக்கும் ரயிலில் போகும்போது, செல்போனைப் படுக்கைவாட்டில் பிடித்து, பக்கத்தில் விரையும் மின்கம்பத்தைப் படம் எடுங்கள். செல்போன் கேமராவும் படத்தை வரிவரியாகத்தான் பதிவு செய்கிறது. கம்பம் சற்றே சாய்ந்து நிற்கும். கையை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டாதீர்கள்!

பிறகு லார்த்திக் ஓவியர் ஆனார். குடும்பச் செல்வம் கரைந்தது. ஓவியம் விற்ற காசில் எளிமையாக வாழ்ந்தார். படம் எடுப்பதை மட்டும் விடவில்லை. தினமும் நாட்குறிப்பு எழுதுவார். அன்று எடுத்த படங்களைச் சின்னதாக வரைந்தும் வைப்பார். படங்களையெல்லாம் பெரிய ஆல்பங்களில் ஒட்டி வீட்டில் வைத்துக்கொண்டார். வெளியில் அவரைப் புகைப்படக்காரர் என்று அறிந்தவர்கள் மிகச் சிலரே.

1963-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய சிறுவயதுப் படங்களைக் காட்சிக்கு வைத்தது. அப்போது அவருக்கு 69 வயது! ஒதுக்கி வைத்திருந்த அந்தக் கோணல் கார் படம், அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் வெளியே வந்திருந்தது. பார்த்தவர்கள் வியந்தார்கள். கூர்மையாக விழுந்த படங்களில் கார் நிற்பது போல இருக்கும். இதிலோ அது பாய்ந்துகொண்டிருந்தது! அதன் பிறகு கேட்க வேண்டுமா? 1974-ல் பிரெஞ்சு ஜனாதிபதி ஜிஸ்கார் தெஸ்தேனின் அதிகாரபூர்வப் படத்தை எடுக்க 80 வயது லார்த்திக்கைத்தான் அழைத்தார்கள். 1979-ல் தம் படங்கள் அனைத்தையும் நாட்டுக்கே கொடுத்தார். 1986 செப்டம்பர் 12-ஆம் தேதி, 92-ஆவது வயதில் நீஸ் நகரில் காலமானார்.

இன்னொன்று சொல்ல மறந்துவிடப் போகிறேன். அந்தப் படம் 1912-ல் எடுத்தது என்று லார்த்திக் குறித்து வைத்திருந்தார். காரை 'தெலாஜ்' என்று பல புத்தகங்களில் எழுதினார்கள். பிற்காலத்தில் கார் வரலாறு தெரிந்தவர்கள் பழைய பந்தயப் பட்டியல்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அது 1913-ல் அமியான் நகரில் நடந்த பந்தயம். ஓடியது க்ரோக்கே என்பவர் ஓட்டிய 'ஷ்னைடர்' கார் என்று தெரிந்தது. கண்டுபிடிக்க உதவியது, காரின் மேல் எழுதியிருந்த அந்த 6 என்ற எண்தான்.