கான் சாகிபு: எந்தப் பக்கத்து வீரர்?

ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ வரிசையின் முதல் நாவல் 1996-இல் வெளிவந்தது. கற்பனை நிலத்தில் நிகழும் அந்தப் பெருங்கதையில் என் மனத்தை விட்டு நீங்காதவன் ஜேமி லானிஸ்டர். காக்க வேண்டிய அரசனையே கொன்றவன். ஒரு சிறுவனைக் கோபுரத்திலிருந்து தள்ளிவிட்டவன். ஆயினும், அந்த அரசன் தலைநகரையே எரிக்க ஆணையிட்டிருந்தான் என்று பின்னர் அறியும்போது, நாம் முன்பே வழங்கிவிட்ட தீர்ப்பு நம்மை உறுத்தத் தொடங்குகிறது. குருதியும் சூழ்ச்சியும் மலிந்த இவ்வகை நாவல்களை இத்தனை பேர் விரும்பிப் படிப்பதற்கு அந்த உறுத்தலே காரணம் என்று எண்ணுகிறேன்.

கற்பனை மாந்தருக்குக் காட்டும் இந்தப் பொறுமையை நம் மண்ணின் மாந்தருக்குக் காட்டுகிறோமா? சங்கரன்கோவில்காரனான எனக்கு இக்கேள்வி எழும்போதெல்லாம் கான் சாகிபு நினைவுக்கு வருகிறார்.

இராமநாதபுரம் சீமையின் பனையூரில் மருதநாயகமாகப் பிறந்து, இளமையில் இஸ்லாத்தைத் தழுவி யூசுப் கான் ஆனவர் என்கிறது மரபு. சாதாரணப் படைவீரராகத் தொடங்கிய அவரைக் கும்பினியாரின் கண்ணில் உயர்த்தியது 1750-களின் திருச்சிராப்பள்ளிப் போர். உணவு வண்டிகளைப் பகைவரிடமிருந்து காத்துக் கொண்டுவந்து சேர்த்த அவருடைய திறமையைத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் மெச்சினார். கும்பினியின் இந்தியச் சிப்பாய்களுக்கு அவர் தலைவரானார். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, கோட்டைக்கு வெளியே நின்று பிரெஞ்சுப் படையை ஓயாது அலைக்கழித்தவரும் அவரே.

எங்கள் பகுதி மக்களுக்கு அவர் அறிமுகமானது பகைவராகத்தான். ஆர்க்காட்டு நவாபுக்கும் கும்பினிக்கும் கப்பம் கட்ட மறுத்த நெற்கட்டும்செவல் பாளையக்காரர் புலித்தேவரை அடக்க அனுப்பப்பட்டவர் அவர். வாசுதேவநல்லூர்க் கோட்டையை வீழ்த்த அவர் மேற்கொண்ட முயற்சிகள் முதலில் தோற்றன. 1761-இல் பீரங்கிகளோடு மீண்டும் வந்து, வாசுதேவநல்லூரையும் நெற்கட்டும்செவலையும் கைப்பற்றினார். புலித்தேவர் தப்பிச் சென்றார். பிற்காலத்தில் அவர் சிறைப்பட்டு அழைத்துச் செல்லப்பட்டபோது, சங்கரநாராயணர் கோயிலில் வழிபட வேண்டி உள்ளே சென்று, அங்கேயே மறைந்துவிட்டார் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அக்கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கான் சாகிபு அந்நியரின் கையாள். வேறு சொல் தேவைப்பட்டதில்லை.

ஆனால், மதுரையில் அவர் பெயர் வேறு விதமாக ஒலிக்கிறது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகைக்கு ஏற்று ஆண்ட சில ஆண்டுகளில், கொள்ளையை ஒடுக்கினார், குளங்களைச் செப்பனிட்டார், மீனாட்சியம்மன் கோயிலுக்கு நின்றுபோயிருந்த வருவாயை மீட்டளித்தார். அந்த ஒழுங்கை நிலைநாட்ட அவர் கையாண்ட தண்டனைகள் கொடியவை. நன்மையும் கொடுமையும் ஒரே கையிலிருந்தே வந்தன.

அவருடைய செல்வாக்கு வளர்வதை நவாபு முகமது அலி விரும்பவில்லை. தம் கீழ்ப்பட்டவராக அவர் இருக்க வேண்டும் என்றார். கும்பினியும் நவாபின் பக்கம் சாய்ந்தது. யாருக்காகப் பாளையங்களை வென்று கொடுத்தாரோ, அவர்களையே எதிர்த்து 1763-இல் கான் சாகிபு எழுந்தார். மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. அவ்வாண்டின் முற்றுகையை முறியடித்தார். மறு ஆண்டின் முற்றுகையில் நேரடித் தாக்குதலையும் தடுத்து நின்றார். இறுதியில் உணவு வழிகள் அடைபட்டன. அவருடைய திவான் சீனிவாச ராவும், துணைக்கு வந்திருந்த பிரெஞ்சுத் தளபதி மர்ஷானும் உள்ளிட்டோரே அவரைப் பிடித்துக் கொடுத்தனர். 1764 அக்டோபர் 15 அன்று மதுரைக்கு அருகே தூக்கிலிடப்பட்டார். மீண்டும் எழுந்துவிடுவாரோ என்னும் அச்சத்தில், உடலைத் துண்டித்து வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினர். சம்மட்டிபுரத்தில் அவரது அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது.

இவரை எந்தப் பக்கத்தில் நிறுத்துவது? 1761-ஐ மறைத்தால் அவர் விடுதலை வீரர். 1764-ஐ மறைத்தால் துரோகி. இன்றைய மேடைப் பேச்சுகள் ஏதேனும் ஓர் ஆண்டை மறைத்தே அவரை ஏற்கின்றன அல்லது தள்ளுகின்றன. ஒவ்வொரு சமூகமும் தன் வீரரை மாசற்றவராக்கிக் கொள்ளும்போது, எதிரே நின்றவர் தானாகவே கயவராகிவிடுகிறார். அவருடைய வழித்தோன்றல்களாகக் கருதப்படுவோர் மீதும் அந்தப் பழி படிகிறது. தென்மாவட்டங்களில் வாழ்வோர் இதன் விலையை அறிவார்கள்.

நாட்டுப்புறப் பாடகர்கள் நம்மைவிடத் துணிவுடையவர்கள். அவர்கள் வழிவந்த ‘கான்சாகிபு சண்டை’ என்னும் கதைப்பாடலை 1972-இல் நா.வானமாமலை பதிப்பித்தார். கமல்ஹாசன் 1997-இல் தொடங்கிய ‘மருதநாயகம்’ திரைப்படமோ முற்றுப்பெறவில்லை.

புலித்தேவர் மறைந்ததாகச் சொல்லப்படும் எங்கள் கோயிலின் சங்கரநாராயணர் ஒரு பாதி சிவன், மறுபாதி திருமால். இருவரையும் ஓருருவில் காண வேண்டிக் கோமதியம்மன் தவமிருந்ததை ஆண்டுதோறும் ஆடித்தபசாகக் கொண்டாடுகிறோம். அந்தச் சன்னதியில் நின்று புலித்தேவரை வணங்கும் நான், அவரை வென்றவரின் முழுக்கதையையும் படிக்க விரும்புகிறேன். அதை எழுதப்போகும் தமிழ் நாவலாசிரியர் 1761, 1764 ஆகிய இரண்டு ஆண்டுகளையும் மறைக்காமல் எழுதட்டும். அதைப் படித்தபின் புலித்தேவர் மீதுள்ள என் மதிப்பு குறையப்போவதில்லை.