கடலுக்குக் கதவு திறந்தவர்

வெல்டிங் ஷாப்பில் ஆக்சிஜன் சிலிண்டரின் தலையில் உட்கார்ந்திருக்கும் ரெகுலேட்டரை நாம் எல்லோரும் திருகியிருக்கிறோம். உள்ளே ஒரு டயாபிரம், ஒரு ஸ்பிரிங், ஒரு வால்வு. ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கையெழுத்து வாங்கியதோடு சரி, அதை மறந்துவிட்டோம். நானும் அப்படித்தான். ஆனால் அதற்குத் தம்பி முறையான ஒரு ரெகுலேட்டர்தான் மனிதனைக் கடலுக்குள் மீன் மாதிரி நீந்த வைத்தது என்று ஒரு நாள் நூலகத்தில் படித்தேன். அன்றிலிருந்து ஷாப்புக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு ஒருவருடைய நினைவு வரும். அவர் பெயர் ஜாக் கூஸ்தோ.

பிரான்சில் போர்தோ நகருக்கு அருகில் ஒரு சிற்றூரில் 1910 ஜூன் 11 அன்று பிறந்தவர். 1930இல் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய ஆசை என்னவோ ஆகாயத்தில் பறப்பதுதான். விமானிப் பயிற்சியில் இருந்தபோது ஒரு கார் விபத்து. கைகள் இரண்டும் பலமாக அடிபட்டன. பைலட் கனவு அதோடு போச்சு. கைக்குப் பலம் வரட்டும் என்று தூலோன் துறைமுகத்தில் கடலில் நீந்தத் தொடங்கினார். 1936இல் ஒரு நண்பர் கொடுத்த நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்த்தார். அவ்வளவுதான், ஆகாயம் மறந்துபோயிற்று.

பார்த்துவிட்டார், சரி. ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டு எத்தனை நிமிடம் பார்க்க முடியும்? அந்தக் காலத்து முக்குளிப்பவர்கள் தலையில் செம்புக் கவசம், காலில் ஈயச் செருப்பு, மேலே படகிலிருந்து காற்றுக் குழாய் என்று கட்டிப்போட்ட மாடு மாதிரிதான் கடலடியில் நடந்தார்கள். கூஸ்தோ கேட்டது கயிறில்லாத சுதந்திரம்.

இங்கேதான் நண்பர்களே, நம் பாடம் வருகிறது! பத்து மீட்டர் ஆழத்துக்குப் போனால் நீரின் அழுத்தம் ஒரு அட்மாஸ்பியர் கூடும். நெஞ்சை அத்தனை அழுத்தம் வெளியிலிருந்து அமுக்கும்போது, உள்ளே இழுக்கும் காற்றும் அதே அழுத்தத்தில் வந்தால்தான் மூச்சு விட முடியும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதுவும் கேட்கும்போது மட்டும் வர வேண்டும். சும்மா ஒழுகினால் சிலிண்டர் சீக்கிரம் காலியாகிவிடும்.

1942 டிசம்பரில் கூஸ்தோ பாரீசில் எமில் கான்யான் என்ற பொறியாளரைச் சந்தித்தார். கூஸ்தோவின் மாமனார் வேலை பார்த்த வாயுக் கம்பெனியில்தான் அவரும் இருந்தார். அப்போது ஜெர்மானியர் பிடியில் பிரான்ஸ். பெட்ரோல் கிடைக்காத காலம். காரை எரிவாயுவில் ஓட்டுவதற்காக கான்யான் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். என்ஜின் இழுக்கும்போது மட்டும் வாயு விடும் வால்வு. என்ஜினுக்குப் பதில் நுரையீரல், அவ்வளவுதானே வித்தியாசம்!

1943 ஜனவரியில் பாரீசுக்கு அருகே மார்ன் ஆற்றில் முதல் சோதனை. படுத்த நிலையில் நீந்தினால் நன்றாக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று கொட்டிக்கொண்டே போனது. தலைகீழாகப் போனால் மூச்சே இழுக்க முடியவில்லை. இன்னொருவராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். இவர்கள் யோசித்தார்கள். டயாபிரம் முதுகில், மூச்சு வெளியேறும் துளை வாயருகில். நிமிர்ந்தால் துளை மேலே போய்விடுகிறது. அந்தக் கொஞ்ச உயர வித்தியாசத்தில் நீரின் அழுத்தம் மாறுகிறது, வால்வு ஏமாந்துவிடுகிறது. வெளியேறும் துளையையும் டயாபிரத்தின் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள். தீர்ந்தது பிரச்சினை! அந்த ஜூன் மாதமே மத்தியதரைக் கடலில் கூஸ்தோ கயிறில்லாமல் நீந்தினார். அக்வாலங் பிறந்தது. இன்றைய ஸ்கூபாவுக்கு அதுதான் தாத்தா.

ஆனால் கடல் இலவசமாக எதையும் கொடுப்பதில்லை. 1946 ஆகஸ்டில் வோக்ளூஸ் என்ற இடத்தில் ஆழமான நீரூற்றுக் குகைக்குள் கூஸ்தோவும் நண்பர் துமாவும் இறங்கினார்கள். உள்ளே போனதும் புத்தி தடுமாறியது; உயிர் பிழைத்ததே பெரிய காரியம். மேலே கயிற்றைப் பிடித்திருந்த மோரிஸ் ஃபார்க் என்பவர்தான் இழுத்துக் காப்பாற்றினார். பிறகு ஆராய்ந்தால், சிலிண்டரில் காற்று நிரப்பிய கம்ப்ரஸர் தன் என்ஜின் புகையையே உறிஞ்சி உள்ளே அடைத்திருந்தது. அதே ஃபார்க் அடுத்த ஆண்டு, 1947 செப்டம்பர் 17 அன்று, ஆழச் சோதனைக்காக சுமார் 120 மீட்டர் இறங்கினார். அந்த ஆழத்தில் நைட்ரஜன் சாராயம் மாதிரி மூளையை மயக்கும். கயிற்றை இழுத்தபோது வந்தது உயிரற்ற உடல். தன்னைக் காப்பாற்றிய மனிதரைத் தன் கருவியோடு கூஸ்தோ பறிகொடுத்தார். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1950இல் கலிப்சோ என்ற கப்பல் கிடைத்தது. போர்க்காலத்தில் கண்ணிவெடி அகற்றிய மரக்கப்பல். ஒரு செல்வந்தர் வாங்கி, ஆண்டுக்கு ஒரு ஃப்ராங்க் வாடகைக்குக் கொடுத்தார். முதல் பெரிய பயணம் செங்கடலுக்கு. வெதுவெதுப்பான தண்ணீர், கண்ணாடி மாதிரித் தெளிவு, கடலடியில் பூந்தோட்டம் போலப் பவளப்பாறைகள்! அங்கும் இந்தியப் பெருங்கடலிலும் எடுத்த காட்சிகளைச் சேர்த்து, லூயி மால் என்ற இளைஞரோடு எடுத்த படம் 1956இல் கான் விழாவில் தங்க விருதையும், அடுத்த ஆண்டு ஆஸ்கரையும் வாங்கியது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தில் மீன்களைக் கணக்கெடுப்பதற்காகப் பவளப்பாறையில் டைனமைட் வெடிக்கிறார்கள். செத்த மீன்கள் வெள்ளை வெள்ளையாய் மிதக்கின்றன. கப்பல் அடிபட்டுச் செத்த திமிங்கிலக் குட்டியைத் தின்ன வந்த சுறாக்களை மாலுமிகள் கோபத்தில் அடித்துக் கொல்கிறார்கள். குட்டியைக் கொன்றது யார்? அவர்கள் கப்பலின் விசிறிதான்! தோட்டத்தைக் காட்ட வந்தவர்களே தோட்டத்தை மிதித்த கதை.

ஆனால் மனிதர் அங்கேயே நிற்கவில்லை. 1960இல் அணுக்கழிவை மத்தியதரைக் கடலில் கொட்டப் பார்த்தபோது முன்னால் நின்று எதிர்த்தார், திட்டம் கைவிடப்பட்டது. 1963இல் சூடான் நாட்டருகே ஷாப் ரூமி பவளப்பாறையில், பத்து மீட்டர் ஆழத்தில் வீடு கட்டி ஐந்து பேரை ஒரு மாதம் குடிவைத்தார். வாளித் தண்ணீரில் கவிழ்த்த டம்ளர் மாதிரிதான் அந்த வீடு. உள்ளே காற்றழுத்தம் நீரழுத்தத்துக்குச் சமம் என்பதால் தரையில் வாசல் திறந்திருந்தும் தண்ணீர் ஏறாது. அதன் மிச்சங்களை இன்றும் ஸ்கூபா செய்பவர்கள் போய்ப் பார்க்கிறார்கள். அந்த முயற்சிக்குப் பெட்ரோலியத் துறையின் பணமும் உண்டு. கடலடியில் மனிதனைக் குடியேற்றும் அந்தக் கனவைப் பின்னாளில் அவரே விட்டுவிட்டு, கடலைக் காப்பாற்றும் வேலையில் இறங்கினார். 1968 முதல் டெலிவிஷன் தொடர்கள். 1973இல் கடல் காக்க ஒரு சங்கம்.

1979இல் இளைய மகன் பிலிப், லிஸ்பன் அருகே கடல் விமான விபத்தில் இறந்தார். தான் ஆசைப்பட்டுக் கிடைக்காத ஆகாயம், மகனைக் கொண்டுபோயிற்று. 1996 ஜனவரியில் கலிப்சோ சிங்கப்பூர் துறைமுகத்தில் ஒரு தோணி மோதி மூழ்கியது. 1997 ஜூன் 25 அன்று, 87ஆம் வயதில், கூஸ்தோ பாரீசில் மறைந்தார்.

வால்வு செய்த கான்யானை யாருக்குத் தெரியும்? 1947இல் கனடா போய் அமைதியாகத் தன் வேலையைப் பார்த்தார். நம்மில் பெரும்பாலோர் கான்யான் மாதிரிதான் இருக்கப்போகிறோம். அதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் நாம் செய்யும் கருவி எங்கே போகிறது, யாரை வாழ வைக்கிறது, எதை அழிக்கிறது என்று கடைசிவரை பார்ப்பதற்கு ஒரு கூஸ்தோ மனசும் வேண்டும். தப்பு செய்தால் திருந்துகிற மனசும் வேண்டும்.

அடுத்த முறை ஷாப்பில் ரெகுலேட்டரைத் திருகும்போது, ஒரு நொடி நிறுத்தி அந்த வால்வின் சத்தத்தைக் கேளுங்கள். அது ஒரு மனிதனின் மூச்சாகவும் இருக்கலாம்!