கம்பியில்லாமல் மணி அடித்த வங்காளி

செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் போகும் குடும்பங்கள் இப்போதெல்லாம் இரண்டு மூன்று கார்களில் சேர்ந்தே கிளம்புகின்றன. சிலர் கையோடு வாக்கி டாக்கியும் எடுத்துப் போகிறார்கள். முன் காரில் இருப்பவர் பொத்தானை அழுத்திப் பேசுகிறார். பின் காரில் வரும் அத்தை அதே மாதிரிப் பெட்டியில் பதில் சொல்கிறாள். நடுவில் கம்பி இல்லை. செல்போன் கோபுரமும் வேண்டியதில்லை.

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலை ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே புகுந்து செல்கிறது. இரண்டு கார்களும் அந்தச் சாலையில் முன்னும் பின்னுமாகப் போகிறவரை பேச்சு தெளிவாகக் கேட்கும். ஒரு கார் மட்டும் பாறை மலைக்கு அப்பால் திரும்பிவிட்டால் குரல் கரகரத்து அறுந்துபோகும். ஏன் அப்படி?

கண்ணுக்குத் தெரியாத இந்த அலைகளை நம் நாட்டில் முதன்முதலாக ஏவிக் காட்டி, அவற்றின் குணங்களை அலசி ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் ஜகதீச சந்திர போஸ்.

தோளில் சுமந்த கொள்ளைக்காரன்

1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி, இப்போது பங்களாதேஷில் இருக்கும் மைமன்சிங்கில் போஸ் பிறந்தார். தகப்பனார் பகவான் சந்திரர் சர்க்கார் உத்தியோகஸ்தர்; பரீத்பூரில் டெபுடி மாஜிஸ்டிரேட்டாக இருந்தார். பெரிய உத்தியோகஸ்தர்கள் தங்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய காலம் அது. அவரோ மகனைத் தாய்மொழிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அங்கே ஒரு பக்கம் முஸ்லிம் சேவகரின் பையன். இன்னொரு பக்கம் மீனவர் பையன். நதியையும் மீனையும் செடியையும் பற்றி அந்தப் பையன்கள் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தான் சிறுவன் ஜகதீசன்.

அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனவன் யார் தெரியுமா? பழைய கொள்ளைக்காரன்! பகவான் சந்திரரே தண்டனை கொடுத்துச் சிறைக்கு அனுப்பியவன். விடுதலையாகி வந்து, பிழைக்க வழியில்லை என்று அவர் முன்னால் நின்றான். வீட்டிலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். ஒரு சமயம் குடும்பம் படகில் போய்க்கொண்டிருந்தபோது கொள்ளையர் படகுகள் துரத்தி வந்தன. அந்த வேலைக்காரன் எழுந்து நின்று ஒரு விசித்திரமான கூவல் கூவினான். துரத்தி வந்த படகுகள் அப்படியே திரும்பிவிட்டன. தங்கள் கூட்டத்துக் குரலை அவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

கல்கத்தாவில் செயின்ட் சேவியர் கல்லூரியில் படிக்கும்போது பாதிரியார் லபான் அவருக்கு பௌதிக சாஸ்திரத்தில் ஆசையை ஊட்டினார். 1880-இல் லண்டனுக்குப் போய் வைத்தியப் படிப்பில் சேர்ந்தார். விட்டு விட்டு வந்த காய்ச்சல் அவரை வாட்டியது. பிரேத அறுவைக் கூடத்தின் நாற்றம் அதை இன்னும் அதிகமாக்கியது. வைத்தியத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படித்தார். அங்கே ராலே பிரபு போன்ற பெரிய பேராசிரியர்களிடம் பாடம் கேட்டார்.

மூன்று வருஷம் சம்பளமில்லை

1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. ஆனால் அதில் ஒரு அநியாயம் இருந்தது. ஒரே வேலைக்கு வெள்ளைக்காரப் பேராசிரியர் வாங்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸுக்குத் தற்காலிக நியமனம் என்று சொல்லி அதிலும் பாதி. ஆக, மூன்றில் ஒரு பங்கு.

வேறொருவராக இருந்தால் வேலையை உதறியிருப்பார். அல்லது வாயை மூடிக்கொண்டு வாங்கியிருப்பார். போஸ் இரண்டும் செய்யவில்லை. தினமும் கல்லூரிக்குப் போனார். ஒழுங்காகப் பாடம் நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. இப்படி மூன்று வருஷம்! வீட்டிலோ தகப்பனாரின் கடன். பிள்ளைகளுக்காகவும் ஊருக்காகவும் தொழில்கள் தொடங்கி நஷ்டப்பட்டவர் பகவான் சந்திரர்.

இந்தக் கஷ்டத்தின் நடுவில்தான், 1887-இல், அபலா தாஸ் என்ற பெண்ணை மணந்தார். இந்த அம்மாளை நம் ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாது. பெண் என்பதால் கல்கத்தா வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைக்காமல், 1882-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து படித்தவர் அவர். உடல்நலம் கெட்டதால் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. கல்யாணத்துக்குப் பிறகு தம்பதி, நம் புதுச்சேரியைப் போலப் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த சந்திரநாகூரில் குடியிருந்தார்கள். நடுவில் ஹூக்ளி நதி. கணவர் சிறு படகில் தாமே துடுப்புப் போட்டு அக்கரை சேர்வார். மனைவி அதைத் திரும்ப ஓட்டிக்கொண்டு வருவார்.

கடைசியில் சர்க்கார் இறங்கி வந்தது. முழுச் சம்பளம், மூன்று வருஷப் பாக்கியோடு சேர்த்துக் கிடைத்தது. அந்தப் பணம் தகப்பனாரின் கடனுக்குப் போயிற்று.

தகரக்காரர் செய்த கருவி

ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானி மின்சாரப் பொறியிலிருந்து கண்காணாத அலைகள் கிளம்புவதை நிரூபித்திருந்தார். 1894 புத்தாண்டு நாளில், 36 வயதிலேயே அவர் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் போஸுக்கு 36 வயது நிறைந்தது. இனி ஆராய்ச்சியே வாழ்க்கை என்று அன்று சங்கற்பம் செய்துகொண்டார்.

ஆராய்ச்சிக்கு இடம்? கல்லூரியில் குளியலறையை ஒட்டிய ஒரு சின்ன அறை. உதவிக்கு, படிப்பில்லாத தகரக்காரர் ஒருவர். அவரைப் பழக்கி, வெளிநாட்டிலும் கிடைக்காத நுட்பமான கருவிகளைச் செய்துகொண்டார். அலைகளை வடிகட்டும் சல்லடைக்கு ஒரு ரயில்வே கால அட்டவணைப் புத்தகம். தாளுக்குத் தாள் நடுவே உலோகக் காகிதம். முறுக்கிய சணல் கற்றையும் ஒரு கருவி ஆயிற்று.

1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் கூட்டம் கூடியது. வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னரே வந்திருந்தார். ஓர் அறையில் போஸ் அலையை எழுப்பினார். அது கவர்னரின் உடம்பைத் துளைத்து, சுவர்களைத் தாண்டி, சுமார் 75 அடி தள்ளி மூன்றாவது அறைக்குப் போயிற்று. அங்கே மணி அடித்தது; வெடிமருந்து வெடித்தது. சபை பிரமித்துப் போயிற்று.

மலையும் அலையும்

போஸ் கையாண்ட அலைகள் மிகச் சிறியவை. அலைக்கு அலை 5 மில்லிமீட்டர் நீளம் வரை குறுக்கியிருந்தார். சிறிய அலை ஒளியைப் போலவே நேர்கோட்டில் போகும். கண்ணாடியில் ஒளி திரும்புவதுபோல் உலோகத்தில் பட்டுத் திரும்பும். பெரிய தடை வந்தால் பின்னால் நிழல் விழும். நீண்ட அலை ஓரளவு வளைந்து போகும்.

செஞ்சியில் குரல் அறுந்துபோகும் ரகசியம் இதுதான். கையடக்க வாக்கி டாக்கியின் அலை முக்கால் மீட்டருக்கும் குறைவான நீளம். சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரிப் பாறையைத் துளைத்துப் போக அதனால் முடியாது. ராஜகிரி உச்சியில் ஒருவரும் கிருஷ்ணகிரி உச்சியில் ஒருவரும் நின்றால், நடுவில் ஒன்றுமில்லாததால் நன்றாகப் பேசலாம். ஆகையால் வாங்கப் போகிறவர்கள் அட்டைப் பெட்டியில் அச்சடித்த தூரத்தை நம்பிவிட வேண்டாம். அது தடையில்லாத வெளியில் கிடைக்கும் தூரம். காரின் இரும்பு உடம்பும் அலையைத் தடுக்கும். ஜன்னல் பக்கம் பிடித்துப் பேசினால் மேல். கார் ஓட்டுகிறவர் பேசக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் பேசட்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் பொத்தானை அழுத்தினால் இரண்டு பேச்சும் கெட்டுப்போகும். வீட்டில் சண்டை போடுவதுபோல் இதில் முடியாது!

சட்டமும் உண்டு. நம் நாட்டில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும், சக்தி குறைந்த, சர்க்கார் அங்கீகாரம் பெற்ற கருவிக்குத் தனி லைசென்ஸ் வேண்டாம். மற்ற வாக்கி டாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு அனுமதி வேண்டும். அனுமதியில்லாத கருவிகளை இணையத்தில் விற்பதை எதிர்த்து 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுத்தது. விலை மலிவு என்று வாங்குமுன் அலைவரிசையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தூரம் இன்னும் வேண்டுமென்றால், பரீட்சை எழுதி அமெச்சூர் வானொலி லைசென்ஸ் பெறலாம். 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம்.

போஸ் மனிதக் குரலை அனுப்பவில்லை. அவர் அனுப்பியது மணி அடிக்கும் சமிக்ஞை. குரலை அலையில் ஏற்றியவர் பெசண்டன் என்ற கனடாக்காரர். இருபக்கமும் பேசும் ரேடியோ, அமெரிக்கப் போலீஸ் காரில் ஏறியது 1933-இல். ஆனால் வந்த அலையைக் கண்டுபிடித்துச் சொல்லும் கருவி இல்லாமல் இவற்றில் எதுவும் நடக்காது. அந்தக் கருவியில்தான் போஸின் கை இருக்கிறது.

வேண்டாம் என்ற செல்வம்

1899-இல் லண்டன் ராயல் சொஸைட்டியில் வாசிக்கப்பட்ட கட்டுரையில், இரும்பும் பாதரசமும் சேர்ந்த ஒரு கருவியை, டெலிபோனோடு இணைத்து, போஸ் விவரித்திருந்தார். 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைத் தாண்டி வந்த சமிக்ஞையைக் கேட்டார். அப்போது அவர் காதில் வைத்தது இதே மாதிரியான பாதரசக் கருவி. இத்தாலியக் கடற்படை நண்பர் அவருக்குக் கொடுத்தது. அதன் மூலம் போஸின் கட்டுரையே என்று 1998-இல் அமெரிக்க மின் பொறியாளர் சங்கத்தின் சஞ்சிகை ஒன்றில் ஆராய்ச்சி வெளியாயிற்று. இதனால் மார்க்கோனியைத் திருடன் என்று சொல்வது சரியல்ல. தூரத்தை வென்றவர் அவர். அதற்குப் பணமும் ஆளும் திரட்டியவர் அவர். ஆனால் 1909-இல் நோபல் பரிசு கொடுத்தபோது போஸின் பேரை யாரும் நினைக்கவில்லை.

1901-இல் லண்டனில் ஒரு தந்திக் கம்பெனி முதலாளி போஸைத் தேடி வந்தார். பேடண்ட் எடுத்தால் லாபத்தில் பங்கு என்று ஆசை காட்டினார். போஸ் மறுத்துவிட்டார். அறிவை விலைக்கு விற்க அவர் மனம் இடங்கொடுக்கவில்லை. சகோதரி நிவேதிதையும் அமெரிக்க அம்மையார் சாரா புல்லும் விடாமல் வற்புறுத்தியதால் ஒரே ஒரு கருவிக்கு மனுப் போட்டார்கள். 1904 மார்ச்சில் அமெரிக்க பேடண்ட் வந்தது, எண் 755,840. அதைக் காசாக்க போஸ் ஒரு அடியும் எடுத்துவைக்கவில்லை, அது காலாவதியாயிற்று. அந்தப் பணம் வந்திருந்தால் அவருடைய ஆராய்ச்சிக் கூடம் பல வருஷம் முன்பே எழும்பியிருக்குமே என்று சிலர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

பிறகு அவர் கவனம் செடிகொடிகள் பக்கம் திரும்பியது. செடியின் வளர்ச்சியைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் கருவியைச் செய்தார். 1917-இல் சர் பட்டம் வந்தது. அதே ஆண்டு தம் பிறந்த நாளில் கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். 1920-இல் ராயல் சொஸைட்டி அங்கத்தினர் ஆனார். 1937 நவம்பர் 23-ஆம் தேதி, 79-ஆவது பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கிரிடியில் காலமானார்.

படகோட்டிய அபலா அம்மையார் 1951 வரை வாழ்ந்தார். 1919-லேயே பெண்கள் கல்விக்கென்று ஒரு சங்கம் தொடங்கி, வங்காளக் கிராமங்களில் பள்ளிக்கூடங்கள் திறந்தவர் அவர். தகரக்காரர் செய்து கொடுத்த கருவிகளும் அந்தச் சணல் கற்றையும் கல்கத்தா போஸ் நிலையத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.