கணித மேதை ஸ்டெபான் பனாக்

வெள்ளிவிழா மலர்களில் பெரியோர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது மரபு. பெரும்பாலும் அரசியல் தலைவர், சமூகத் தொண்டர், புலவர் ஆகியோரின் வரலாறுகளே அவ்வாறு இடம்பெறக் காண்கிறோம். இம்முறை நாம் ஒரு கணிதப் பேராசிரியரின் வாழ்வை எடுத்துக்கொண்டோம். அவர் போலந்து நாட்டவர். நம் நாட்டோடு நேர்த் தொடர்பு ஏதும் இல்லாதவர். எனினும் கணிதத்தில் முதுகலை பயிலும் நம் மாணவர் எவரும் பனாக் வெளி, பனாக்கின் நிலைப்புள்ளித் தேற்றம் என்னும் சொற்களைச் சந்திக்காமல் தேர்வறைக்குள் நுழைய இயலாது. பெயரை அறிந்த அளவிற்கு அப்பெயருக்குரிய மனிதரை நம்மவர் அறியார். அக்குறையைச் சிறிதேனும் போக்குதல் நம் நோக்கம்.

ஸ்டெபான் பனாக் 1892 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30 ஆம் நாள் கிராக்கோவ் நகரில் பிறந்தார். அந்நாளில் போலந்து என்றொரு நாடு நிலப்படத்தில் இல்லை. கிராக்கோவ் ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தை ஸ்டெபான் கிரெச்செக், படைவீரர். தாய் கதர்சீனா பனாக். இருவரும் மணம் புரிந்துகொண்டவர் அல்லர். குழந்தை முதற்பெயரைத் தந்தையிடமிருந்தும் குடும்பப் பெயரைத் தாயிடமிருந்தும் பெற்றது. அந்தப் பெயரைத் தவிரத் தாயிடமிருந்து அதற்கு வேறொன்றும் கிட்டவில்லை. பச்சிளம் பருவத்திலேயே தாய் அதன் வாழ்விலிருந்து மறைந்து போனார். பின்னாளில் மகன் கேட்டபோதும் தாய் யார் என்பதைத் தந்தை விளக்கமாகச் சொல்லவில்லை. உலகெங்கும் கணித நூல்களில் அச்சேறியிருக்கும் பனாக் என்னும் பெயர், தன் மகனை வளர்க்க இயலாமற் போன ஒரு பெண்ணின் பெயராகும்.

குழந்தையை வளர்த்தவர் பிரான்சிஷ்கா புவோவா என்னும் அம்மையார். கிராக்கோவில் சலவை நிலையம் நடத்திப் பிழைத்தவர் அவர். அவர் இல்லத்தில்தான் பனாக் வளர்ந்தார். அவ்வில்லத்தோடு பழகிய யூலியுஷ் மியேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் சிறுவனுக்குத் தம் தாய்மொழியைக் கற்றுக்கொடுத்தார். துணி வெளுக்கும் வீட்டில் பிரெஞ்சு மொழி நுழைந்தது வியப்புத்தான். பிற்காலத்தில் பனாக் தம் தலையாய நூலைப் பிரெஞ்சு மொழியில் எழுதி வெளியிட்டார் என்பதை நோக்கும்போது, அச்சிறுவயதுப் பாடம் எத்துணைப் பயன் தந்தது என்பது புலனாகும்.

1902 இல் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். கணிதத்தில் முந்திநின்ற அவர் மற்றப் பாடங்களில் அத்துணை அக்கறை காட்டவில்லை. 1910 இல் பள்ளியிறுதித் தேர்வில் தேறினார். அதன்பின் தந்தையிடமிருந்து உதவி வரவில்லை. கணிதத்தில் இனிப் புதிதாகக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று கருதிப் பொறியியல் பயில லுவூவ் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரிக்குச் சென்றார். அந்நகர் இன்று லிவீவ் என்னும் பெயருடன் உக்ரைன் நாட்டில் உள்ளது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் கிடைத்த பணத்தில் உண்டு படித்தமையால் இரண்டாண்டுப் பாடத்தை முடிக்க அவருக்கு நான்காண்டுகள் பிடித்தன. 1914 இல் இடைநிலைத் தேர்வில் தேறினார். அவ்வாண்டே உலகப் போர் மூண்டது. கண்பார்வைக் குறைவால் படையில் சேர்க்கப்படாத அவர் சாலை போடும் வேலையில் மேற்பார்வையாளராக இருந்தார். கிராக்கோவ் திரும்பிப் பள்ளிகளில் பாடம் நடத்தினார். பல்கலைக்கழகப் பட்டம் எதையும் அவர் முடிக்கவில்லை. இனி முடிப்பார் என்பதற்கான அறிகுறியும் இல்லை.

1916 ஆம் ஆண்டின் ஒரு மாலைப் பொழுது. கிராக்கோவ் நகரைச் சுற்றி அமைந்த பிளாண்டி பூங்காவில், ஜெர்மனியின் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றிருந்த ஹ்யூகோ ஸ்டைன்ஹவுஸ் உலாவிக்கொண்டிருந்தார். பெஞ்சில் அமர்ந்திருந்த இரு இளைஞர்களின் பேச்சில் லெபேக் தொகையீடு என்னும் சொற்கள் அவர் காதில் விழுந்தன. அந்நாளில் பேராசிரியர் சிலரே அறிந்திருந்த புதிய பொருள் அது. அணுகி விசாரித்தார். அவ்விளைஞருள் ஒருவர் பனாக், மற்றவர் ஓட்டோ நிகோடிம். தாம் நெடுநாளாகத் தீர்வு காணாமல் வைத்திருந்த ஒரு கணக்கை ஸ்டைன்ஹவுஸ் அவர்களிடம் கூறினார். சில நாட்களில் பனாக் விடையோடு வந்து நின்றார். அவ்விருவர் பெயரிலும் அக்கட்டுரை 1918 இல் வெளிவந்தது. தம் கணிதக் கண்டுபிடிப்புகள் அனைத்திலும் பெரியது பனாக்கைக் கண்டுபிடித்ததே என்று ஸ்டைன்ஹவுஸ் பிற்காலத்தில் கூறிவந்தார்.

இந்நிகழ்ச்சியை நற்பேறு என்று கூறி விட்டுவிடுவோர் உண்டு. நாம் அவ்வாறு விட்டுவிட விரும்பவில்லை. பெஞ்சில் அமர்ந்து பேசும் இளைஞர் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அருகே நடந்து செல்பவர் நின்று கேட்பது அரிது. கேட்டபின், நீ எந்தக் கல்லூரி, யார் மகன் என்று வினவாமல் கணக்கைக் கொடுத்துப் பார்ப்பது அதனினும் அரிது. ஸ்டைன்ஹவுஸ் யூதக் குடும்பத்திற் பிறந்தவர். வாயில்கள் யாருக்கு எவ்வாறு மூடப்படும் என்பதை அவர் அறியாதவராக இருந்திருக்க முடியாது.

அதன்பின் நடந்தது இதற்கு இணையானது. 1920 இல் லுவூவ் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர் அன்டோனி வொம்னிட்ஸ்கி, பட்டமில்லாத பனாக்கைத் தம் உதவியாளராக அமர்த்திக்கொண்டார். அதே ஆண்டு லுவூவ் பல்கலைக்கழகம் பட்டப்படிப்பு இல்லாத குறையைப் பொருட்படுத்தாது அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டை ஏற்றது. விதியைத் தளர்த்தினால் தரம் தாழும் என்னும் வாதத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அன்று தளர்த்தப்பட்ட விதியின் வழியாக உள்ளே வந்த ஆய்வேடு, சார்பியற் பகுப்பாய்வு என்னும் தனித்துறைக்கே அடிக்கல்லாயிற்று. 1922 இல் பனாக் அப்பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1927 இல் முழுநிலைப் பேராசிரியரானார்.

அவ்வாய்வேடு 1922 இல் அச்சில் வந்தது. அதனுள் ஒரு சிறு பகுதியே நிலைப்புள்ளித் தேற்றம். அதனைக் கணிதம் பயிலாதோரும் உணருமாறு ஓர் எடுத்துக்காட்டால் விளக்க முயல்வோம். ஓர் ஊரின் நிலப்படத்தை அவ்வூரிலேயே ஒரு வீட்டுத் தரையில் விரித்து வைப்பதாகக் கொள்வோம். படத்தில் உள்ள எல்லாத் தொலைவுகளும் உண்மைத் தொலைவை விடச் சிறியவை. அதாவது படம் ஊரைச் சுருக்குகிறது. அப்படியானால் படத்தில் ஏதோ ஒரு புள்ளி, தான் குறிக்கும் இடத்தின் மேலேயே சரியாகப் படிந்திருக்கும். அத்தகைய புள்ளி ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதுவே நிலைப்புள்ளி. அதனைத் தேடும் வழியும் எளியது. எந்த இடத்திலிருந்தும் தொடங்கலாம். அவ்விடம் படத்தில் எங்கே குறிக்கப்பட்டுள்ளதோ அங்கே செல்க. அங்கிருந்து, அந்த இடம் குறிக்கப்பட்டுள்ள புள்ளிக்குச் செல்க. இவ்வாறே செல்லச் செல்ல நிலைப்புள்ளி நெருங்கி வரும்.

தொடர்ந்து திருத்தி விடை காணும் இம்முறை பழைய முறையே. பிக்கார் முதலியோர் வகைக்கெழுச் சமன்பாடுகளில் இதனைக் கையாண்டிருந்தனர். பனாக் செய்தது, அதன் உயிர்நாடி எதுவென்று பிரித்துக் காட்டியது. ஒவ்வொரு படியிலும் தொலைவு ஒரு நிலையான பின்னத்தால் சுருங்க வேண்டும். வெளி ஓட்டையின்றி முழுமையாக இருக்க வேண்டும். இவ்விரண்டு போதும். அவ்வெளியின் உறுப்புகள் எண்களாயினும், வளைகோடுகளாயினும், சார்புகளாயினும் வேறுபாடில்லை. தொலைவு என்பதைப் பொதுவான கருத்தாக்கி 1906 இல் மெட்ரிக் வெளியை வகுத்தவர் பிரான்சு நாட்டுப் பிரேஷே. அவ்வெளிக்கு ஒரு வேலை கொடுத்தவர் பனாக் எனலாம்.

இத்தேற்றம் விடை உண்டு என்று சொல்வதோடு நில்லாமல், எத்தனை படிகளில் கிட்டும் என்றும் சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு படியிலும் பிழை பாதியாகக் குறையுமாயின் 10 படிகளில் அது ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் கீழே வரும். 20 படிகளில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிற்கும் கீழே வரும். பத்தில் ஒரு பங்கு மட்டுமே ஒவ்வொரு முறையும் குறையுமாயின் ஆயிரத்தில் ஒரு பங்கை எட்ட 66 படிகள் வேண்டும். கணிப்பொறிகள் தோன்றுமுன் எழுதப்பட்ட ஒரு தேற்றம் கணிப்பொறிக்கு வேண்டிய கணக்கைத் தன்னுள் வைத்திருந்தது.

லுவூவில் பனாக்கைச் சூழ்ந்து ஓர் இளைஞர் கூட்டம் திரண்டது. மசூர், உலாம், ஓர்லிச், ஷவுடர் முதலியோர் அதனைச் சேர்ந்தவர். 1929 இல் பனாக்கும் ஸ்டைன்ஹவுஸும் தம் துறைக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கினர். 1932 இல் பனாக்கின் நேரியற் செயலிகள் பற்றிய நூல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்து உலகப் புகழ் ஈட்டியது. அவர் அறையில் அமர்ந்து எழுதுபவர் அல்லர். ஸ்காட்டிஷ் காப்பிக் கடையின் இரைச்சலில் அமர்ந்து, பளிங்கு மேசைமேல் பென்சிலால் கிறுக்குபவர். மேசை துடைக்கப்பட்டால் கணக்கும் போய்விடும். இதைக் கண்ட அவர் மனைவி ஊட்சியா 1935 இல் தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொடுத்தார். அது கடைப் பணியாளரிடம் இருக்கும், கேட்பவருக்குத் தரப்படும். முதற் கணக்கை அவ்வாண்டு ஜூலை 17 இல் பனாக்கே எழுதினார். கணக்குகள் சிலவற்றுக்குப் பரிசும் குறிக்கப்பட்டது. 1936 இல் மசூர் எழுதிய 153 ஆம் கணக்கிற்குப் பரிசு உயிருள்ள வாத்து ஒன்று.

பனாக்கைக் குறையற்றவராகக் காட்டுவது நம் எண்ணமன்று. பணத்தைக் கையாளத் தெரியாதவர் அவர். கடன் பெருகிற்று, அதை அடைக்கப் பள்ளிப் பாடநூல்கள் எழுதினார். குடியும் புகையும் அளவுக்கு மிஞ்சின. அப்பாடநூல்களுக்குச் செலவான காலத்தில் எத்தனை தேற்றங்கள் எழுதப்படாமற் போயினவோ என்று வருந்துவோர் உளர். நமக்கோ, ஒரு மாமேதை சிறுவர்களுக்காக எண்கணிதம் எழுதியது வருந்தத்தக்கதாகத் தோன்றவில்லை.

1939 செப்டம்பரில் போர் வந்தது. லுவூவ் முதலில் சோவியத்துப் படையின் கையில் விழுந்தது. பனாக் புலத்தலைவராகப் பணியாற்றினார். 1941 ஜூனில் நாசிப் படை நகருள் புகுந்தது. ஜூலை 4 ஆம் நாள் நகரின் பேராசிரியர் பலர் இரவோடிரவாக இழுத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். பட்டமில்லாத இளைஞனுக்கு வேலை கொடுத்த வொம்னிட்ஸ்கி அவர்களுள் ஒருவர். ஸ்டைன்ஹவுஸ் பெயர் மாற்றி நாட்டுப்புறத்தில் ஒளிந்து வாழ்ந்தார். 1930 இல் நிலைப்புள்ளிக்கு மற்றொரு பெருந்தேற்றம் அளித்த ஷவுடர், யூதர் என்பதற்காக 1943 இல் கொல்லப்பட்டார்.

பனாக் பிழைத்த வழி வேறு. டைபஸ் காய்ச்சலுக்குத் தடுப்பு மருந்து செய்த ருடால்ப் வைகலின் ஆய்வுக்கூடத்தில் பேன்களுக்கு இரை தேவைப்பட்டது. பேன் அடைத்த சிறு பெட்டிகளைக் காலில் கட்டிக்கொண்டு தம் இரத்தத்தைக் குடிக்கவிடுவதே வேலை. அவ்வேலைக்கு ஓர் அடையாளச் சீட்டு உண்டு. அச்சீட்டு உயிரைக் காத்தது. ஐரோப்பாவின் முதல்தரக் கணித அறிஞர் ஏறக்குறைய மூன்றாண்டுகள் பேனுக்கு இரத்தம் கொடுத்து வாழ்ந்தார். 1944 ஜூலையில் நகர் மீண்டும் கைமாறியபோது அவர் உடல் நலிந்திருந்தது. கிராக்கோவ் பல்கலைக்கழகத்தில் அவருக்கெனப் பேராசிரியர் பதவி காத்திருந்தது. அங்குச் செல்லுமுன், 1945 ஆகஸ்டு 31 இல் நுரையீரல் புற்றுநோயால் லுவூவிலேயே காலமானார். வயது 53. தமக்கு இடமளித்திருந்த குடும்பத்தாரின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் தேற்றம் அவரோடு அடங்கவில்லை. சுருங்கும் என்னும் நிபந்தனையை மாற்றி 1968 இல் கல்கத்தாக் கணிதக் கழகத்தின் இதழில் கண்ணன் என்பார் ஒரு புதிய தேற்றத்தை வெளியிட்டார். நிலைப்புள்ளிகளைப் பற்றி இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் இது பெரிதும் எடுத்தாளப்படுவது. பின்வந்தோர் தொலைவின் இலக்கணத்தையே தளர்த்திப் பொதுமையாக்கிய மெட்ரிக் வெளிகள் பலவற்றைப் படைத்தனர். இவற்றுள் வெறும் சொற்பெருக்கமானவை மிகுதி என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று நம் கருத்தைக் கவர்ந்தது. 1995 இல் ஷெல்லக்கன்ஸ் என்பவர், கணிப்பொறி வழிமுறைகளின் காலச் செலவுகளையே புள்ளிகளாகக் கொண்டு ஒரு வெளியை அமைத்தார். மேட்டில் ஏறும் உழைப்பும் இறங்கும் உழைப்பும் ஒன்றாகாதது போல, அங்கே மெதுவான முறையிலிருந்து விரைவான முறைக்குள்ள தொலைவும் மறுதிசைத் தொலைவும் ஒன்றல்ல.

1024 விடைத்தாள்களை மதிப்பெண் வரிசையில் அடுக்க வேண்டும் எனக் கொள்வோம். ஒவ்வொரு தாளையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் 5,23,776 ஒப்பீடுகள் ஆகும். இரு பாதிகளாகப் பிரித்துத் தனித்தனியே அடுக்கிப் பின்பு சேர்த்தால், மொத்தச் செலவு பாதிக்கான செலவின் இருமடங்கும் சேர்க்கும் செலவும் ஆகும். இச்சமன்பாட்டில் தேடும் செலவு இருபுறமும் நிற்கிறது. எந்த ஊகத்தை வலப்புறம் இட்டாலும் புதியதோர் ஊகம் இடப்புறம் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் ஊகங்களுக்கிடையேயான தொலைவு பாதிக்கு மேற்படாமல் சுருங்கும். ஆகவே பனாக்கின் தேற்றத்தின்படி விடை ஒன்றே. நம் விடைத்தாள்களுக்கு அது 10,240 ஒப்பீடுகளுக்கு மேற்படாது.

ஸ்காட்டிஷ் கடையின் நோட்டுப் புத்தகத்தைப் போரின்போது ஊட்சியா அம்மையார் காப்பாற்றிப் போலந்திற்குக் கொண்டுவந்தார். 193 கணக்குகள் கொண்ட அதன் படியை ஸ்டைன்ஹவுஸ் அமெரிக்காவில் இருந்த உலாமுக்கு அனுப்ப, அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. மசூரின் 153 ஆம் கணக்கைச் சுவீடன் நாட்டு இளைஞர் பேர் என்ஃப்லோ தீர்த்தார். 1972 இல் வார்சா நகரில் முதியவரான மசூர் தம் வாக்கின்படி உயிருள்ள வாத்து ஒன்றை அவர் கையில் கொடுத்தார்.